மான்ட்ரியல் பிரயாணத்துக்கு ஓர் அர்ச்சனை

பிராம்ப்டன்
கனடா, 2 ஜூன் 2025

என் விசாலி அக்காவுக்கு,

நீயும் அத்திம்பேரும் சௌக்கியம்தானே? ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னை இதையே கேட்டாய், நானும் சௌக்கியம் என்றேன். நகுல் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வேறு என்ன சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம். பேக்கரியில் மதிய இடைவேளையில், மாவு மூட்டை அடுக்கிய அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் அத்திம்பேர் பிரித்துவிடுவார் என்று உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

பதிலை நீயும் இந்தப் பேக்கரி விலாசத்துக்கே, மாரீஸ்வரி என்ற பெயருக்கு எழுது. என்னோடு வேலை செய்கிறவள், தூத்துக்குடிப் பெண். அவள் வீட்டுக்காரரும் நகுலும் ஒரே ஆபீஸ். அதனால் தபால் வந்தால் வாங்கித் தருகிறேன், போன் மட்டும் கேட்காதே என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் பயம் அவளுக்கு. எங்கள் வீட்டுத் தபால் பெட்டிச் சாவி நகுலிடம் இருக்கிறது. மெயிலும் முடியாது. போன மாதம் நூலகத்துக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்று திறக்கப் பார்த்தேன். அது என் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியது. என் போனுக்கு வருவதெல்லாம் அவர் லேப்டாப்பிலும் தெரியும். பதினோரு நாள் வீட்டில் பேச்சில்லை. பன்னிரண்டாம் நாள் சிரித்துக்கொண்டே வந்து, மான்ட்ரியல் போகலாமா என்று கேட்டார்.

ஜூலை நாலு வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். ஆறாம் தேதி எங்கள் ஒன்பதாவது கல்யாண நாள். அந்த வாரம் அந்த ஊரில் தெருவெல்லாம் பாட்டுக் கச்சேரியாம், ராத்திரி பகல் தெரியாதாம். மணிக்கணக்காகப் பிரித்து ஒரு தாள் அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். எந்த வேளைக்கு நான் என்ன உடுத்துவது என்றுகூட அதில் இருக்கிறது. இத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

அக்கா, நான் மான்ட்ரியலிலிருந்து அவரோடு திரும்பப் போவதில்லை. என் பாஸ்போர்ட் ஆறு வருஷமாக அவர் லாக்கரில் இருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள விடவில்லை, அதனால் லைசென்ஸும் கிடையாது. ஹோட்டலில் இரண்டு பேருக்கும் போட்டோ போட்ட அடையாளம் கேட்பார்களாம், அதற்காகப் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கப் போகிறார். ஆறு வருஷத்தில் மூன்று நாள். இதை விட்டால் எனக்கு வேறு நாள் கிடைக்காது. மாட்டுங்கா ஸ்கூலில் என்னோடு படித்த ஹரிதாவை ஞாபகம் இருக்கிறதா? மான்ட்ரியலில்தான் இருக்கிறாள். அவளுக்கு எழுதினேன். வா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்துவிட்டது.

உன்னிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். நான் வந்தால் கதவைத் திறப்பாயா? கல்யாணமான முதல் வருஷம் நான் அழுதபோது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றாய். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை அந்த வார்த்தையை எழுதாதே. எழுதினால் நான் போகமாட்டேன், எனக்கே தெரியும்.

உன்
சாரு

மாட்டுங்கா
பம்பாய், 9 ஜூன் 2025

என் கண்ணே சாரு,

உன் கடிதத்தை லோக்கல் ரயிலில், லேடீஸ் டப்பாவில் நின்றுகொண்டே படித்தேன். மாட்டுங்கா வந்தது தெரியவில்லை, சயான் போனது தெரியவில்லை, குர்லாவில் யாரோ இடித்துத் தள்ளினதில் இறங்கினேன். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். கதவைத் திறப்பாயா என்று கேட்டிருக்கிறாய். என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். கேட்கும்படி வைத்தவள் நான்தான், அதனால் கோபித்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை.

வா. துணிமணி ஒன்றும் வேண்டாம், கைப்பையோடு வா. அப்பாவும் அம்மாவும் இல்லையே தவிர நான் செத்துப்போகவில்லை.

அவன் கை நீட்டினானா? மென்று முழுங்காமல் நேராக எழுது.

இந்த வரனைக் கொண்டுவந்தவளே நான்தானே. செம்பூரில் அவர்கள் வீட்டில் கல்யாணம் பேசின நாள் அடிக்கடி ஞாபகம் வருகிறது. உன் மாமனார் ஒருத்தரே பேசினார். மாமியாரிடம் நான் எதைக் கேட்டாலும் அவர் மாமனார் முகத்தைப் பார்ப்பார், பதில் அங்கிருந்து வரும். உங்கள் காபிக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டதற்குக்கூட. சாதுவான மாமியார், நம் பெண்ணுக்குத் தொந்தரவு இருக்காது என்று வீட்டுக்கு வந்து உன் அத்திம்பேரிடம் பெருமையாகச் சொன்னேன். முப்பது வருஷமாக ஆபீஸில் ஃபைல் பார்க்கிறேன், ஒரு பொம்மனாட்டியின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

அத்திம்பேரிடம் இன்னும் சொல்லவில்லை. நகுல் ஞாயிறுதோறும் அவரிடம் கிரிக்கெட் பேசுகிறான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேச உன் அத்திம்பேருக்கு வராது. பெயர்தான் வைத்தீஸ்வரன், தனக்கு ஜுரம் வந்தால்கூட மறைக்கத் தெரியாது. நீ விமானம் ஏறின பிறகு சொல்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது சாரு. அங்கே எப்படி அவனை விட்டு விலகுவாய்? பாஸ்போர்ட்டை உன் கையில் எப்படித் தருவான்? எல்லாவற்றையும் விவரமாக எழுது. தெரியாமல் இருந்தால் நான் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறேன்.

உன்
விசாலி

பிராம்ப்டன்
15 ஜூன் 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு பேக்கரி அடுப்புக்குள் போட்டுவிட்டேன். மனசே வரவில்லை. ஆனால் வைத்துக்கொள்ள எனக்கு இடம் கிடையாது.

கை நீட்டினானா என்று கேட்டாயே. நீட்டினார், இரண்டு தடவை. இரண்டாவது தடவை மெயில் விஷயத்தில். அதிகமாக அடிக்கவில்லை. அதிகமாக அடித்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பேனோ என்று தோன்றுகிறது.

விவரம் கேட்டாய். பாஸ்போர்ட் இரண்டுக்கும் நீல உறை போட்டு ஒரு ஜிப் பைக்குள் வைத்திருக்கிறார். ஹோட்டலில் காட்டிவிட்டு அந்தப் பையைத் தன் தோளில்தான் மாட்டிக்கொள்வார். பேக்கரியில் மாவுக் கணக்கு எழுதும் சின்ன நோட்டு பாஸ்போர்ட் அளவுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போகும்போது உறையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவி நோட்டைச் செருக வேண்டும். மாரீஸ்வரி தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தாள், அதில் பழகிப் பார்த்தேன். முதலில் ஒரு நிமிஷம் ஆயிற்று, இப்போது பதினைந்து எண்ணுவதற்குள் முடிகிறது.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடைவீதி என்று தாளில் போட்டிருக்கிறார். அந்த ஊரில் தரைக்கு அடியிலேயே கடைகளும் மெட்ரோவும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்குமாம். ஹரிதா ஒரு இடம் சொல்லியிருக்கிறாள். அங்கே பெண்கள் டாய்லெட்டுக்கு இரண்டு வாசல். நான் ஒரு வாசலில் நுழைந்தால் இன்னொன்றில் அவள் நிற்பாள். அங்கிருந்து மெட்ரோ நாற்பது அடி.

நேற்று நகுல் எனக்குக் குளிருக்குப் போடுகிற ஜாக்கெட் ஒன்று வாங்கி வந்தார். பளீரென்று மஞ்சள். ஜூலை மாதத்தில் எதற்கு என்று கேட்டேன். கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமாம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ தொலைஞ்சு போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமா அக்கா? தெரிந்துகொண்டேதான் கூட்டிப் போகிறாரா? ராத்திரியெல்லாம் இதையே யோசிக்கிறேன். மான்ட்ரியலில் பழைய துறைமுகம் பார்க்க வேண்டுமா, குன்று மேல் ஏற வேண்டுமா, இரண்டில் ஒன்று நீயே சொல் என்று தினம் கேட்கிறார். நான் குன்று என்றேன். ஏன் குன்று என்று அரைமணி நேரம் கேட்டார்.

இனி நான் எழுதுவது கஷ்டம். உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் 28ஆம் தேதிக்குள் கிடைக்கும்படி எழுது.

சாரு

மாட்டுங்கா
23 ஜூன் 2025

சாரு,

இது உன் கைக்கு வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும். கூரியர்காரனிடம் கெஞ்சியிருக்கிறேன். நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். திட்டு, ஆனால் முதலில் கவனமாகப் படி.

போன வியாழன் கோயிலுக்குப் போனேன். உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, உன் பெயருக்கு ஒரு அர்ச்சனையாவது செய்வோம் என்று தோன்றியது. குமாஸ்தா அனந்தநாராயணன் சீட்டு எழுதினார். சாருலதா, ரோகிணி நட்சத்திரம், 4-7-2025 பிரயாணம் என்று சொன்னேன். அவர் வழக்கப்படி உன் புகுந்த வீட்டுக் கௌசிக கோத்திரத்தை எழுதினார். கல்யாணமானவளுக்குப் புருஷன் கோத்திரம்தானே சொல்வோம். எனக்கு என்ன வந்ததோ, அதை அடித்துவிட்டு நம் அப்பாவின் பாரத்வாஜ கோத்திரத்தைப் போடுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பிரார்த்தனை என்ன என்று கேட்டார். பிறந்த வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். நகுல் பெயரைச் சொல்லவே இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

பிரசாதத்தை வாங்கிக்கொள்ளாமல் ஆபீஸுக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டேன். இன்று காலை போய்க் கேட்டால் அவர் சந்தோஷமாகச் சொல்கிறார், "பிரயாணத்துக்கு முன்னாடி கெடைக்கணுமேன்னு வெள்ளிக்கிழமையே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டேன்மா. அட்ரஸ்தான் ரிஜிஸ்டர்லயே இருக்கே." அப்பா இருந்தபோது உன் பெயருக்கு மாதாமாதம் நட்சத்திர அர்ச்சனை கட்டினார் இல்லையா, அந்த விலாசம். நீ கனடா போனதும் மாற்றிக் கொடுத்தவளும் நான்தான். குங்குமம், விபூதி, கூடவே அந்தச் சீட்டு. உன் வீட்டு விலாசத்துக்கு வருகிறது. அவன் சாவி வைத்திருக்கும் பெட்டிக்கு.

கௌண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவம், அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். தபாலைத் திருப்பி அழைக்க முடியுமா என்று போஸ்ட் ஆபீஸில் போய்க் கேட்டேன், பம்பாயை விட்டுப் போயாயிற்று என்றார்கள். உன் பேக்கரி நம்பரைத் தேடிப் பிடித்து இரண்டு தடவை அடித்தேன். ஒரு ரெகார்டிங் எடுத்து ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. யாராவது எடுத்து உன் மானேஜரிடம் சொல்லி, அது நகுல் வரைக்கும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து வைத்துவிட்டேன்.

நகுலுக்குத் தமிழ் படிக்க வராது என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். இப்போதும் வராதுதானே? ஆனால் தேதி எண்ணில் இருக்கும். நீ ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள். முடியாது என்று தோன்றினால் மான்ட்ரியல் வேண்டாம், போகாதே, வேறு நாள் பார்ப்போம். வேறு நாள் கிடைக்காது என்றுதான் நீ எழுதியிருந்தாய். எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

உன் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாகக் குறுக்கே விழுந்திருக்கிறேன்.

விசாலி

மாட்டுங்கா
1 ஜூலை 2025

சாரு,

இது உனக்குக் கிடைக்காது. நீ கிளம்பும் வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் கூரியரும் போகாது. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்யவில்லை. அத்திம்பேர், பசங்க டிரிப்புக்கு ஷாப்பிங் போயிருப்பா என்று தூங்கப் போய்விட்டார். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மத்தியானம் ஆபீஸில் போன் அடித்தது. உன் மாமியார். ஒன்பது வருஷத்தில் அவர் தானாக எனக்குப் போன் செய்தது இதுதான் முதல். குரலைத் தாழ்த்திப் பேசினார். மாமனார் பாங்குக்குப் போயிருக்கிறாராம். சௌக்கியம் விசாரிக்கவில்லை. "விசாலம், உங்க அப்பா பாரத்வாஜ கோத்திரம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீ சொல்லித்தான் எழுதினாரா, குமாஸ்தா தப்பா எழுதினதா?" என்றார். பொய் சொல்லியிருக்க வேண்டும். குமாஸ்தா தலையில் போட்டிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை சாரு, நான் சொல்லித்தான் என்றேன். பிறகு, "சரி. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். யாருக்கும் போன் பண்ணாதே" என்று வைத்துவிட்டார்.

அவர்கள் கையில் சீட்டுப் போய்விட்டது. நகுல் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், வேறென்ன. இனி மாமனார் பார்ப்பார். அவன் உன்னை என்ன செய்தான், எங்கே வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டுச் செம்பூருக்கு ரிக்‌ஷாவில் போனேன். அவர்கள் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் எந்த ஃபிளாட் என்று கேட்டான். காலில் விழுந்தாவது உன்னை விட்டுவிடச் சொல்லலாம் என்றுதான் போனேன். இரண்டாவது மாடி ஜன்னலில் மாமனார் பேப்பரை மடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தப்பான இடம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். உனக்குத் தைரியம் சொன்ன அக்கா இவ்வளவுதான்.

சனிக்கிழமை நம் ஊர் நேரம் ராத்திரி பதினொன்றரைக்கு நீ அந்த வாசலில் நுழைய வேண்டும். அதற்குப் பிறகு ஹரிதா எனக்குச் சொல்வாள் என்று நீ எழுதியிருந்தால் எத்தனை நன்றாக இருக்கும். அவள் நம்பரையாவது கேட்டு வைத்துக்கொண்டேனா? அதையும் செய்யவில்லை.

விசாலி

மான்ட்ரியல்
6 ஜூலை 2025

என் அக்காவுக்கு,

நேற்று ஹரிதா போனில் உன் குரலைக் கேட்டதும் இரண்டு பேரும் அழுததில் சரியாகப் பேசவே இல்லை. இப்போதும் பேச்சு வரவில்லை, எழுதத்தான் வருகிறது. இந்தக் கடிதத்தை ஹரிதா படம் எடுத்து உடனே உனக்கு அனுப்புவாள். முழுதும் படி, கடைசியில் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன்.

முதலில் பயப்படாதே. அந்த மஞ்சள் ஜாக்கெட்டை டாய்லெட் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு மறு வாசலில் வெளியே வந்தேன். ஹரிதா என் கையைப் பிடித்தாள். மெட்ரோவில் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. சாயங்காலம் போலீஸில் நானே போய், என் விருப்பத்தில்தான் பிரிந்து வந்தேன், என்னைத் தேட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. நாளைக்கு விமானம்.

இப்போது உன் சீட்டைப் பற்றி. நீ எச்சரித்து எழுதிய கடிதம் 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் கிடைத்தது, அன்று சாயங்காலமே கவர் வந்துவிட்டது. நகுல் பிரித்து, குங்குமத்தைத் தள்ளிவிட்டு, சீட்டை என் முன்னால் வைத்துப் படி என்றார். உன் கடிதம் வந்திராவிட்டால் உளறியிருப்பேன். கல்யாண நாளுக்காக அக்கா நம் இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்திருக்கிறாள், உங்கள் கௌசிக கோத்திரம் போட்டிருக்கிறது, பிரயாணம் க்ஷேமமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்று, இல்லாததையெல்லாம் விரலால் காட்டிக் காட்டிப் படித்தேன். அவர் போனைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தார். அனந்தநாராயணன் மாமா கையெழுத்து அதற்குப் புரியவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை படம் எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரில் போன் போட்டார். நான் எதிரே நின்றேன். "அம்மா, இதுல என்ன எழுதியிருக்கு? ஒரு வார்த்தை விடாம படி" என்றார். கண்ணாடி எடுத்து வருகிறேன் என்று மாமி போனார். அவர் திரும்பி வரும் வரைக்கும் நகுல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, முடிந்தது என்றே நினைத்தேன்.

மாமி வந்தார். நகுல் இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் மாமி நிதானமாகச் சொன்னார், "கௌசிக கோத்திரம். நகுல், சாருலதா, ரெண்டு பேர் பேர்லயும் அர்ச்சனை. கல்யாண நாளுக்குப் போற பிரயாணம் க்ஷேமமா இருக்கணும்னு அவ அக்கா பண்ணியிருக்கா. இதுக்குப் போய் என்னடா." நான் சொன்னதையே, கிட்டத்தட்ட அதே வரிசையில். நான் என்ன படித்தேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பயந்துபோன ஒருத்தி எதைப் படித்திருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷம் அந்த வீட்டில் இப்படியே படித்துக் காட்டியிருந்தால் அத்தனை சுலபமாக வரும்.

மாமி உனக்குப் போன் செய்து கோத்திரம் கேட்டதாகவும், நீ செம்பூர் வரை போய் ஜன்னலில் மாமனாரைப் பார்த்துத் திரும்பிவிட்டதாகவும் நேற்று அழுகைக்கு நடுவே சொன்னாய். மாமி போன் செய்தது உன்னை மிரட்டுவதற்கு அல்ல. குமாஸ்தா தவறுதலாக எழுதியிருந்தால் நான் எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம். தான் யாருக்காகப் பொய் சொன்னோம் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. யாருக்கும் போன் செய்யாதே என்றது, நீ பதறிப்போய்க் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான்.

இனிமேல்தான் எனக்குப் பயம். சீட்டு இன்னும் நகுல் பையில் இருக்கிறது. நான் காணோம் என்றதும் தமிழ் படிக்கத் தெரிந்த வேறு யாரிடமாவது அதைக் காட்டியிருப்பார். ஆபீஸில் மாரீஸ்வரியின் வீட்டுக்காரரே இருக்கிறார். அம்மா பொய் சொன்னது தெரிந்துவிடும். தெரிந்ததும் முதல் போன் அவர் அப்பாவுக்குத்தான் போகும். மாமியின் வயது அறுபத்தேழு. கதவுச் சாவிகூட மாமனார் சட்டையில்தான் இருக்கும். நான் வெளியே வந்துவிட்டேன் அக்கா. அவர் உள்ளே இருக்கிறார்.

அதனால் என்னை அழைக்க ஏர்போர்ட்டுக்கு வராதே. எனக்கு ரிக்‌ஷா பிடிக்கத் தெரியும். இதைப் படித்ததும் அத்திம்பேரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு செம்பூருக்குப் போ. மாமனார் ஜன்னலில் நின்றாலும் மாடி ஏறு. மாமியிடம், நம் வீட்டில் வந்து நாலு நாள் இருங்கள், சாரு கேட்டாள் என்று சொல். அவர் வழக்கம்போல மாமனார் முகத்தைப் பார்ப்பார். பதில் அங்கிருந்துதான் வரும், வேண்டாம் என்றுதான் வரும். அதைக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடாதே. மாமி வாயைத் திறந்து தானே ஒரு வார்த்தை சொல்லும் வரைக்கும் அங்கேயே உட்கார்.

உன்
சாரு